என்ஜின் மேல் பழி போடாத மனிதர்

ஆஸ்திரியாவின் கார் பந்தய ஓட்டுநர் நிக்கி லவுடா இறந்துவிட்டார். 2019 மே 20-ம் தேதி, சூரிக் பல்கலைக்கழக மருத்துவமனையில், 70 வயதில். 2018 ஆகஸ்டில் வியன்னாவில் அவருக்கு நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்தே ஃபார்முலா 1 கார் பந்தயம் பார்க்கிற எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கவலை இருந்துகொண்டுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கேமரா மெர்சிடிஸ் குழுவின் பக்கம் திரும்பும்போதெல்லாம் அந்தச் சிவப்புத் தொப்பி தெரிகிறதா என்று கண் தேடும். தெரியவில்லை. இனிமேல் தெரியப்போவதும் இல்லை.

மறுநாள் நான் படித்த அஞ்சலிக் குறிப்புகள் பெரும்பாலும் 1976-ல் ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் பந்தயத்தில் அவர் சிக்கிய தீயைச் சுற்றியே இருந்தன. எரியும் கார், கட்டுப்போட்ட முகம், ஆறே வாரத்தில் மறுபடி பந்தயம். எழுதவேண்டிய விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வந்தவை வேறு இரண்டு. ஒன்று, அதே 1976-ல் ஜப்பானில் கொட்டும் மழையில் அவர் காரை நிறுத்திவிட்டு இறங்கியது. இன்னொன்று, 1991-ல் தாய்லாந்துக் காட்டில் விழுந்த அவருடைய விமானம். முதலாவதில் ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் மானம் தப்பியிருக்கும். இரண்டாவதில் எல்லாவற்றையும் வக்கீல்களிடம் விட்டுவிட்டு அவர் ஒதுங்கியிருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. எனக்கு அவர் முக்கியமானவராக இருப்பது அதனால்தான்.

நான் பந்தயம் பார்க்கத் தொடங்கியது ஷூமாக்கரும் ஹக்கினனும் மோதிக்கொண்டிருந்த காலத்தில், கேபிள் டிவியில். பந்தயத்துக்கு முன், கார்களை நிறுத்திச் சரிபார்க்கும் பிட் பகுதியைக் காட்டும்போது ஒரு ஒல்லியான மனிதர் அடிக்கடி திரையில் வருவார். சிவப்புத் தொப்பி, பாதி காணாமல் போன காது, நெற்றியிலும் கன்னத்திலும் தோல் சுருங்கிய தழும்பு. யாரிடமும் சிரித்துப் பேசமாட்டார், ஆனால் எல்லாரும் அவரிடம் வந்து நின்று பேசுவார்கள். யார் இவர் என்று எங்கள் தெருவில் இருந்த அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். பழைய மோட்டார் பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து வைத்திருந்தவர். "நெருப்புல கிடந்து எந்திரிச்சு வந்தவர்டா அவரு. மூணு தடவை சாம்பியன்" என்றார். உடனே குரலைத் தாழ்த்தி, "ஆனா ஜப்பான்ல பயந்து இறங்கிட்டாரு" என்றும் சேர்த்துக்கொண்டார். அண்ணன், 1976-ல் பட்டத்துக்கு லவுடாவோடு மோதிய ஜேம்ஸ் ஹண்டின் கட்சி. அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பற்றி நாங்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

லவுடா 1949-ல் வியன்னாவில் பணக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். தாத்தா ஹான்ஸ் லவுடா ஆஸ்திரியாவின் பெரிய தொழிலதிபர். பேரன் கார் ஓட்டிப் பிழைப்பதில் தாத்தாவுக்குத் துளியும் விருப்பமில்லை. ஒரு வங்கி இவருக்குப் பணம் தர ஒப்புக்கொண்டபோது தாத்தாவே தலையிட்டு அதை நிறுத்தினார். இவர் அசரவில்லை. வேறு வங்கிக்குப் போய், தன் ஆயுள் காப்பீட்டை ஈடாக வைத்துக் கடன் வாங்கி, அந்தப் பணத்தில் மார்ச் என்ற பந்தய அணியில் இடம் பிடித்தார். தோற்றிருந்தால் கடனை அடைக்க வழியே இருந்திருக்காது. செத்திருந்தால் அடைந்திருக்கும்.

1974-ல் ஃபெராரிக்குப் போனார். அங்கே நடந்த ஒரு சம்பவத்தை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஃபியொரானோ ஓடுதளத்தில் புதுக் காரை ஓட்டிவிட்டு வந்ததும் நிறுவனர் என்ஸோ ஃபெராரி, கார் எப்படி என்று கேட்டார். பெரியவருக்கு ஆங்கிலம் வராது, மகன் பியரோதான் மொழிபெயர்ப்பாளர். "குப்பை" என்றார் லவுடா. பியரோ வெலவெலத்துப்போய், அப்பாவிடம் அப்படிச் சொல்லமுடியாது என்றார். சரி என்று, திருப்பத்தில் முன்சக்கரம் வளையாமல் நேராக இழுத்துக்கொண்டு போகிறது, முன்பக்க அமைப்பை மாற்றவேண்டும் என்று விளக்கினார். எவ்வளவு வேகம் கூடும்? அரை விநாடி. பெரியவர் ஒரு வாரம் தவணை கொடுத்தார், கூடவில்லை என்றால் வேலை இல்லை. கூடியது. ஃபெராரியில் என்ஸோவின் முகத்துக்கு நேராக அப்படிப் பேசுகிறவர்கள் அபூர்வம். அடுத்த வருடம், 1975-ல், 5 பந்தயங்களை வென்று உலக சாம்பியன் ஆனார். 1964-ல் ஜான் சர்ட்டீஸுக்குப் பிறகு ஃபெராரிக்குக் கிடைத்த முதல் ஓட்டுநர் பட்டம் அது.

நியூர்பர்க்ரிங்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஜெர்மனியின் ஐஃபல் மலைக்காட்டுக்குள் ஏறி இறங்கி ஓடும் பாதை அது, ஒரு சுற்று கிட்டத்தட்ட 23 கிலோமீட்டர். அங்கே 7 நிமிடத்துக்குள் ஒரு சுற்றை முடித்த முதல் ஆள் லவுடாதான். 1975 தகுதிச் சுற்றில் 6 நிமிடம் 58.6 விநாடி. அப்படிப்பட்டவர்தான் மறுவருடம் மற்ற ஓட்டுநர்களைக் கூட்டி, இங்கே பந்தயம் வேண்டாம் என்று வாதாடினார். அவ்வளவு நீளப் பாதையில் தேவையான இடத்திலெல்லாம் தீயணைப்பு ஆட்களை நிறுத்த முடியாது, ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும் என்பது அவர் வாதம். வாக்கெடுப்பில் தோற்றார். தோற்றதும் மறுபேச்சு இல்லாமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனார்.

1976 ஆகஸ்ட் 1. இரண்டாவது சுற்றில் பெர்க்வெர்க் திருப்பத்துக்குச் சற்று முன்னால் கார் வலப்பக்கம் பிய்த்துக்கொண்டு போய் மண்மேட்டில் மோதியது. எரிந்தபடியே பாதைக்குத் திரும்பி வந்து விழுந்தது. பின்னால் வந்த பிரெட் லங்கரின் கார் அதில் இடித்தது. ஹெல்மெட் கழன்றுவிட்டது. அவரை வெளியே எடுத்தவர்கள் சக ஓட்டுநர்கள்: லங்கர், கை எட்வர்ட்ஸ், ஹரால்ட் எர்ட்ல், ஆர்துரோ மெர்ஸாரியோ. தீக்குள் கையை விட்டு பெல்ட்டைக் கழற்றியவர் மெர்ஸாரியோ. எந்த ஆபத்தைச் சொல்லி வாதாடினாரோ அதுவே நடந்தது, உதவி வந்து சேரும் முன் ஓட்டுநர்களே மீட்க வேண்டியதாயிற்று. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயம் பார்க்கப் போகும்போது, திருப்பத்துக்குத் திருப்பம் தீயணைப்பானோடு வெயிலில் நிற்கும் மார்ஷல்களைப் பார்த்தால் எனக்கு இந்த வாக்கெடுப்புதான் நினைவுக்கு வரும். அந்த ஆட்கள் அங்கே நிற்பது தானாக வந்த வழக்கம் இல்லை. ஒவ்வொரு விபத்துக்கப்புறமும் யாரோ சண்டை போட்டு வாங்கியது.

வெளித்தோல் எரிந்ததைவிட மோசமாக இருந்தது உள்ளே போன நச்சுப்புகை. நுரையீரலும் ரத்தமும் பழுதாயின. பாதிரியார் வந்து கடைசிச் சடங்கைச் செய்துவிட்டுப் போனார். லவுடா பிழைத்தார். ஆஸ்திரியா, நெதர்லாந்து என்று இரண்டே பந்தயங்களைத்தான் தவறவிட்டார். செப்டம்பர் 12-ம் தேதி மொன்ஸாவில் தலையில் கட்டோடு காரில் ஏறினார். அதற்குள் ஃபெராரி, கார்லோஸ் ரூடமனை வேலைக்கு எடுத்து மூன்றாவது காரையும் தயாராக வைத்திருந்தது. லவுடா நாலாவதாக வந்தார், ரூடமன் ஒன்பதாவது. பந்தயம் முடிந்து முகமூடித் துணியைக் கழற்றியபோது புண்ணில் ஒட்டி ரத்தம் வந்தது.

மொன்ஸாவில் அவர் ஒரு பொய் சொன்னார். பயமெல்லாம் போய்விட்டது, மனதளவில் எந்தப் பிரச்சினையும் இல்லை என்று நிருபர்களிடம் சொன்னார். பல வருடம் கழித்து, அது பொய் என்று அவரே எழுதினார். வெள்ளிக்கிழமை பயிற்சியில் பயத்தில் உடம்பே விறைத்துப் போயிருந்தது, ஆனால் போட்டியாளர்களுக்கு அது தெரியக்கூடாது என்பதால் மறைத்தேன் என்றார். அதைப் படித்த பிறகுதான் அந்த நாலாவது இடத்தின் கனம் எனக்குப் புரிந்தது. பயமே இல்லாதவர் வந்து ஓட்டியிருந்தால் அதில் என்ன இருக்கிறது?

சரி, ஜப்பானுக்கு வருகிறேன்.

1976 அக்டோபர் 24, ஃபூஜி, அந்த வருடத்தின் கடைசிப் பந்தயம். லவுடாவிடம் 68 புள்ளி, ஹண்டிடம் 65. காலையிலிருந்தே பேய்மழை, கூடவே மூடுபனி. பாதையின் குறுக்கே ஓடை மாதிரி தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பந்தயத்தைத் தள்ளித்தள்ளிப் போட்டார்கள். ஓட்டுநர்களில் பெரும்பாலானவர்கள், ஹண்ட் உட்பட, இந்த மழையில் ஓட்ட விரும்பவில்லை. ஆனால் இருட்டுவதற்குள் முடித்தாக வேண்டும், வெளிநாடுகளுக்கு நேரடி ஒளிபரப்பு வேறு. கடைசியில் கொடியை அசைத்துவிட்டார்கள்.

லவுடா இரண்டு சுற்று போனார். முன்னால் போகும் காரின் சக்கரம் வாரியடிக்கும் நீர்த்திரையில் எதுவும் தெரியவில்லை. பிட்டுக்குள் வந்தார், நிறுத்தினார். ஃபெராரியின் தலைமைப் பொறியாளர் மவுரோ ஃபோர்கியெரி குனிந்து அவரிடம் கேட்டது இதுதான்: என்ஜினில் கோளாறு என்று சொல்லிவிடவா?

அந்த இடத்தில் நான் பலமுறை நின்று யோசித்திருக்கிறேன். ஃபோர்கியெரி கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, தன் ஓட்டுநர் மேல் உள்ள அக்கறையில் கேட்டார். சொல்லியிருந்தால் உலகமே நம்பியிருக்கும். மழையில் மின்சாரக் கோளாறு வராத கார் உண்டா? எரிந்த முகத்தோடு திரும்பி வந்த வீரனைக் கடைசி நாளில் இயந்திரம் கைவிட்டது என்று காவியம் பாடியிருப்பார்கள். இத்தாலியில் ஒரு பத்திரிகையும் அவரைக் கோழை என்று எழுதியிருக்காது. வேண்டாம் என்றார் லவுடா. காரணத்தைத் தானே சொல்வதாகச் சொன்னார். இந்த மழையில் ஓட்டுவது பைத்தியக்காரத்தனம், பட்டத்தைவிட எனக்கு உயிர் பெரிது என்ற பொருளில் பேசினார்.

எமர்சன் ஃபிட்டிபால்டி, கார்லோஸ் பாச்சே, லாரி பெர்கின்ஸ் மூவரும் அன்று அதேபோலத் தாங்களாகவே நிறுத்திக்கொண்டார்கள். அவர்களை இன்று யாரும் கேட்பதில்லை, இழக்க அவர்களிடம் பட்டம் இல்லை. போகப்போக மழை விட்டது, பாதை காய ஆரம்பித்தது. ஹண்ட் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்து, டயர் தேய்ந்து, கடைசி நேரத்தில் பிட்டுக்கு வந்து, பின்தங்கி, மறுபடி விரட்டி மூன்றாவதாக முடித்தார். பட்டம் கிடைத்ததே தெரியாமல் கோபமாகக் காரைவிட்டு இறங்கினார். 69-க்கு 68. ஒரே ஒரு புள்ளி.

"மழை எல்லாருக்கும்தானே பெஞ்சுது?" இது அண்ணனின் கேள்வி, இத்தனை வருடமாக மாறவே இல்லை. மழை எல்லாருக்கும் பெய்தது அண்ணே, இமை அவருக்கு மட்டும்தான் சரியாக மூடவில்லை. தீயில் இமைகள் எரிந்து, கண்ணைச் சிமிட்ட முடியாத நிலையில் அவர் ஓட்டினார். ஆனால் இதை நான்தான் சொல்கிறேன். கண்ணைக் காட்டி அனுதாபம் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம், அவர் அப்படிப் போகவில்லை. பாதை ஓட்டத் தகுதியாக இல்லை, அதனால் நிறுத்தினேன் என்பதோடு அவர் பேச்சு முடிந்தது. பின்னால் பாதை காய்ந்தது என்பதும் ஒரு பதில் இல்லை. அவர் முடிவெடுத்த நிமிடத்தில் காயவில்லை.

அந்த நேர்மைக்கு அவர் விலை கொடுத்தார். ஃபெராரிக்குள் அவர் மேல் இருந்த நம்பிக்கை போயிற்று, அடுத்த வருடத்துக்கு ரூடமனை முன்னிறுத்தப் பார்த்தார்கள். லவுடா 1977-ல் மறுபடி சாம்பியன் ஆனார். ஆனதும், பருவம் முடிய இன்னும் பந்தயங்கள் இருக்கும்போதே, ஃபெராரியை விட்டு வெளியேறினார்.

அடுத்த பகுதியை வேகமாகக் கடக்கிறேன். பிராபம் அணியில் இரண்டு வருடம். 1979-ல் மொன்ட்ரியாலில் பயிற்சியின் நடுவே, வட்டம் வட்டமாகச் சுற்றியது போதும் என்று இறங்கி வீட்டுக்குப் போனார். 1982-ல் மெக்லாரனுக்காகத் திரும்பி வந்து மூன்றாவது பந்தயத்திலேயே வென்றார். 1984-ல் அதே அணியில் இளையவரான அலன் புரோஸ்ட் 7 பந்தயம் வென்றார், லவுடா 5. ஆனால் பட்டம் லவுடாவுக்கு, 72-க்கு 71.5. ஃபார்முலா 1 வரலாற்றில் இவ்வளவு சின்ன வித்தியாசத்தில் பட்டம் முடிவானது வேறு இல்லை. மொனாக்கோவில் மழையால் பாதியில் நிறுத்திய பந்தயத்துக்குப் பாதிப் புள்ளிதான் கொடுத்தார்கள், அந்த அரைப்புள்ளிதான் புரோஸ்டின் கணக்கில் இடித்தது. கடைசிப் பந்தயம் எஸ்டோரிலில். பதினோராவது இடத்திலிருந்து கிளம்பிய லவுடாவுக்கு இரண்டாவது இடம் வேண்டும். ஒவ்வொருவராகக் கடந்து வந்தார், முன்னால் இருந்த மான்செலின் பிரேக் போனது, இரண்டாவதாக வந்துவிட்டார். மேடையில் புரோஸ்டிடம், வருத்தப்படாதே, அடுத்த வருடம் உன்னுடையது என்றார். அப்படியே ஆயிற்று. 1985-ல் ஸண்ட்வோர்ட்டில் தன் 25-வது வெற்றியைப் பெற்றார், அந்த வருடத்தோடு ஓய்வு.

இனி எனக்கு மிக முக்கியமான பகுதி. அஞ்சலிக் குறிப்புகளில் ஒரு பத்தியில் முடிந்துபோன பகுதியும் இதுதான்.

லவுடா 1979-லேயே லவுடா ஏர் என்ற விமான நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். ஆஸ்திரியாவில் அரசு விமான நிறுவனத்தின் ஏகபோகத்தோடு மல்லுக்கட்டி வளர்த்த நிறுவனம். அவரே முறையாக உரிமம் வாங்கிய விமானி. தன் நிறுவனத்தின் பெரிய விமானங்களைத் தானே கேப்டனாக ஓட்டிக்கொண்டு போவார். விமானங்களுக்குக் கலைஞர்களின் பெயர் வைத்திருந்தார்கள். ஒரு போயிங் 767-க்கு மொசார்ட் என்று பெயர்.

1991 மே 26 இரவு, ஹாங்காங்கிலிருந்து வந்து பாங்காக்கில் இறங்கிய மொசார்ட், வியன்னாவுக்குக் கிளம்பியது. உள்ளே 213 பயணிகள், 10 ஊழியர்கள். கிளம்பிச் சில நிமிடங்களில் ஒரு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இடது என்ஜினின் ரிவர்ஸர் சம்பந்தப்பட்டது. ரிவர்ஸர் என்பது விமானம் தரையிறங்கி ஓடும்போது என்ஜின் காற்றை முன்பக்கமாகத் திருப்பிவிட்டு வேகத்தைக் குறைக்கும் அமைப்பு. வானத்தில் அது திறக்கவே கூடாது. விமானிகள் இருவரும் பதறவில்லை. கையேட்டை எடுத்துப் பார்த்தார்கள். உடனடியாக எதுவும் செய்யத் தேவையில்லை என்பதுதான் அதிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது. விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது, விமானம் ஏறிக்கொண்டே போனது. கிளம்பிய 15-வது நிமிடம், ரிவர்ஸர் திறந்துகொண்டது என்று துணை விமானி சொல்வது கறுப்புப் பெட்டியில் பதிவாகியிருக்கிறது. அதன்பின் அரை நிமிடத்துக்குள் பதிவு நின்றுவிட்டது. இடது இறக்கையின் தூக்குவிசை போய், விமானம் புரண்டு, தலைகுப்புறப் பாய்ந்து, காற்றிலேயே உடைந்து சுபான்புரி மாகாணத்துக் காட்டில் விழுந்தது. 223 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

முதலில் குண்டு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். லவுடா விபத்து நடந்த காட்டுக்கே போனார். சிதறிக் கிடந்ததற்கு நடுவே நடந்தார். பின்னாளில், தன் வாழ்க்கையில் மிக மோசமான காலம் நியூர்பர்க்ரிங் இல்லை, இதுதான் என்று சொன்னார். அதற்கு அவர் சொன்ன காரணம் எளிமையானது. பந்தயத்தில் நான் ஆபத்தில் இறங்குவது என் விருப்பம், என் உயிர். டிக்கெட் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போக ஏறியவர்கள் அந்த ஆபத்தைக் கேட்கவில்லை. எங்கள் நிறுவனத்தின் தவறு என்று தெரிந்தால் நிறுவனத்தை மூடிவிடுவேன் என்றும் அவர் சொல்லியிருந்தார்.

காரணத்தைத் தேடிப் பயிற்சி சிமுலேட்டரில் தானே உட்கார்ந்து, ரிவர்ஸர் நடுவானில் திறப்பதைப் போட்டு ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் விமானத்தை நிமிர்த்த முடிந்தது. இதன் விபரீதம் என்னவென்றால், சிமுலேட்டர் சொல்வது சரி என்றால் விமானிகள் சமாளித்திருக்க வேண்டும், அதாவது பழி செத்துப்போன இரண்டு பேர் மேல் விழும். ஆனால் சிமுலேட்டருக்குள் இருந்த எண்கள் குறைந்த வேகத்தில் செய்த சோதனையிலிருந்து எடுத்தவை. 767-க்கு அனுமதி கொடுத்தபோது செய்த சோதனையும் அந்தக் குறைந்த வேகத்தில்தான். நிஜ வேகத்துக்கும் உயரத்துக்கும் உரிய எண்களைப் போட்டபோது கதை மாறியது. நாலிலிருந்து ஆறு விநாடிக்குள் முழுமையாகச் சரியான திருத்தம் செய்தாலொழிய விமானத்தைக் காப்பாற்ற முடியாது என்று விசாரணையில் தெரிந்தது. நள்ளிரவில், எதிர்பாராத நேரத்தில், எந்த விமானிக்கும் அது நடக்கிற காரியமில்லை.

காரணம் தெரிந்தும் போயிங் அதை வெளிப்படையாகச் சொல்லத் தயங்கியது. லவுடா, போயிங் இருந்த அமெரிக்காவின் சியாட்டிலுக்குப் போய் அவர்கள் முன்னால் உட்கார்ந்தார். அங்கே பேசியதை அவர் பின்னாளில் விவரித்திருக்கிறார். ஒரு 767-ஐ எடுங்கள், அதே எடை ஏற்றுங்கள், உங்கள் விமானிகள் இருவர் ஓட்டட்டும், நானும் கூட உட்காருகிறேன், மேலே போய் ரிவர்ஸரைத் திறந்து காட்டுங்கள். சமாளித்து இறங்கிவிட்டால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். அவர்கள் முடியாது என்றார்கள். அப்படியானால் சமாளிக்க முடியாது என்று எழுதிக் கொடுங்கள் என்றார் இவர். அறிக்கை வந்தது. விமானிகள் மேல் தவறில்லை என்பது அந்தக் குடும்பங்களுக்குத் தெளிவானது. அதற்கப்புறம் ரிவர்ஸர் அமைப்பில் கூடுதலாக ஒரு பூட்டு சேர்க்க வேண்டும் என்று விதி வந்தது, ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த விமானங்களிலும் மாற்றினார்கள். இன்று நாம் ஏறி உட்காரும் விமானத்தின் இறக்கைக்கு அடியில் அந்தப் பூட்டு இருக்கிறது.

லவுடா இறந்த 2019 மே மாதத்தில் போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் உலகம் முழுக்கத் தரையில் நின்றுகொண்டிருந்தன. அந்த ரக விமானம் விழுந்து இறந்தவர்கள், 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் 189 பேர், 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் 157 பேர். விமானத்தின் மூக்கைத் தானாகக் கீழே அழுத்தும் மென்பொருள் ஒன்று அதில் இருப்பதே முதல் விபத்துக்கப்புறம்தான் பல விமானிகளுக்குத் தெரியவந்தது. முதல் விபத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே நாலரை மாதம் இருந்தது. அந்த நாலரை மாதத்தில் சியாட்டிலில் போய் உட்கார்ந்து, நீங்களே ஏறிப் பறந்து காட்டுங்கள் என்று கேட்க ஒரு விமான நிறுவன முதலாளி இல்லை. லவுடா அப்போது மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக இருந்தார்.

உடம்பு அவரைக் கடைசிவரை விடவில்லை. 1997-ல் தம்பி ஃப்ளோரியன் சிறுநீரகம் கொடுத்தார். அது பழுதானபோது, 2005-ல் பிர்கிட் கொடுத்தார். அவருடைய விமான நிறுவனத்தில் பணிப்பெண்ணாக இருந்தவர், பிறகு மனைவியானார். முகத்தில் ஒட்டு அறுவை சிகிச்சை செய்து தழும்பை மறைக்கச் சொல்லிப் பலர் கேட்டிருக்கிறார்கள். இமை மூடித் திறக்கத் தேவையானதை மட்டும் செய்துகொண்டு நிறுத்திவிட்டார். வென்ற கோப்பைகளை ஊரில் இருந்த கார் ஒர்க்‌ஷாப்காரருக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்குக் காரை இலவசமாகக் கழுவிக்கொண்டார். சிவப்புத் தொப்பி முதலில் காயத்தை மறைக்க வந்தது, பிறகு அதிலும் விளம்பரத்துக்கு இடம் விற்றார். கணக்குப் பார்க்கிற ஆள், அதை ஒளிக்கவும் இல்லை. 2012-ல் மெர்சிடிஸ் அணியின் தலைவர் பொறுப்புக்கு வந்ததும் ஓட்டுநர் லூயிஸ் ஹாமில்டனிடம் பேசிப்பேசி அவரை மெக்லாரனிலிருந்து இழுத்து வந்தார். ஹாமில்டன் தப்பு செய்கிறார் என்றுதான் அன்று எங்களில் பாதிப்பேர் நினைத்தோம். மெர்சிடிஸில் அவர் வென்ற பட்டம் ஆறு.

மே 29-ம் தேதி வியன்னாவின் புனித ஸ்டீபன் பேராலயத்தில் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள், மேலே அவருடைய ஹெல்மெட். மழையில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். ஃபெராரி கால ஓட்டுநர் உடையிலேயே அடக்கம் செய்தார்கள் என்று படித்தேன். அன்று இரவு அண்ணனுக்குப் போன் செய்தேன். ஃபூஜி பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. "எங்கிட்ட அந்த எழுபத்தாறு பத்திரிகை இன்னும் இருக்குடா, வேணும்னா வந்து எடுத்துக்க" என்றார். போய் எடுத்து வந்தேன்.

அதற்கு முந்தைய ஞாயிறு மொனாக்கோ பந்தயம். எல்லாரும் சிவப்புத் தொப்பி வைத்து மௌன அஞ்சலி செலுத்தினார்கள். ஹாமில்டன், லவுடாவின் பழைய ஹெல்மெட் வடிவத்தில் ஒன்றை அணிந்து, தேய்ந்துபோன டயரில், விரட்டி வந்த போட்டியாளர் வெர்ஸ்டாப்பனைப் பின்னால் தாங்கிப்பிடித்தபடி பந்தயத்தை வென்றார். அழகான பந்தயம். ஆனால் அந்த ஞாயிறு மே 26. சரியாக 28 வருடத்துக்கு முன் மொசார்ட் விழுந்த நாள். நான் பார்த்த ஒளிபரப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் என் காதில் விழவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், நிக்கி லவுடாவைப் பற்றிப் பேசுகிற இடத்தில் அந்த 223 பேருக்கும் இடம் உண்டு. அந்தப் பந்தயத்தின் பதிவை மறுபடி பார்க்கிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு பார்க்கட்டும்.